பிரபஞ்ச அறிவாளர் கனகராஜ்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருடமாகத் தோல் வெட்டும் கனகராஜ் ஒரு பழங்குடி என்பதில் கனகராஜுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. அவர் மனைவி பூங்காவனத்துக்கும் இல்லை. ஒடுகத்தூருக்கு மேலே மலையில் இருக்கும் அவர்களுடைய ஊரான புளியங்கொல்லையில் நாய்களுக்குக்கூட இல்லை. சந்தேகம் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மட்டும்தான் இருந்தது. ஆனால் அங்கே அது நிரந்தரப் பணியில் இருந்தது.

மகள் ஸ்வேதாவுக்கு நர்சிங் படிக்க ஆசை. அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோதே கனகராஜ் அவளுக்காக எஸ்.டி. சர்டிபிகேட் கேட்டு மனுப் போட்டார். இப்போது அவள் பிளஸ் டூ முடித்து, நல்ல மார்க்கும் வாங்கி, கலந்தாய்வுக்குக் காத்திருந்தாள். மனுவும் காத்திருந்தது.

முதல் மனு திரும்பி வந்தபோது அதில், ‘மனுதாரர் மலையில் வசிக்கவில்லை’ என்று எழுதியிருந்தது. கனகராஜ் மலைக்குப் போய், அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வரி ரசீது, ஊர்க்காரர்கள் பதினோரு பேரின் கையெழுத்து, ரேகை எல்லாம் வாங்கி வந்து மறுபடியும் போட்டார். ‘மனுதாரர் மலையில் வசிப்பதாக நிரூபித்துள்ளார்; எனவே ஆம்பூரில் பணிபுரிவதாகக் கூறுவது சந்தேகத்துக்குரியது’ என்று அதுவும் திரும்பியது. மூன்றாவது முறை நேர்விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ‘மனுதாரருக்குப் பழங்குடி மரபுகள் தெரிந்ததாகப் புலப்படவில்லை. விசாரணையின்போது நாற்காலியில் அமர்ந்தார்’ என்று குறிப்பு எழுதினார்கள்.

அந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னவர் உதவியாளர் சதீஷ்குமார். தங்கமான மனிதர். நிராகரித்த மனுவைக்கூட இரண்டு கையாலும்தான் நீட்டுவார்.

“மலையாளின்னு போட்டிருக்கீங்களே, கேரளாவுல எந்தப் பக்கம்?” என்று ஒருமுறை அக்கறையாக விசாரித்தார்.

“கேரளா இல்ல சார். ஒடுகத்தூர் மலை. எங்க ஜாதிப் பேரே அதான். மலைய ஆளுறவங்கன்னு அர்த்தம்னு சொல்வாங்க.”

“ஆளுறீங்களா?” சதீஷ்குமார் பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ வருமானச் சான்றும் வைக்கணுமே.”

நான்காவது மனுவை வைத்துவிட்டுக் கனகராஜ் வேலைக்குத் திரும்பிய வாரத்தில்தான், சூப்பர்வைசர் ஷோயப் பாய் அவருடைய மெஷின் பக்கம் வந்து நின்றார்.

“கனகு, நீ மலை ஜாதிதானே?”

“ஆமா பாய். ஆனா ப்ரூஃப் இல்ல.”

“ப்ரூஃப் எவன் கேட்டான்? ஆளைத்தான் கேக்குறாங்க. வெளிய கார் நிக்குது பாரு.”

மூன்று வருடமாகப் பதினேழு ஆவணங்களைக் கொண்டுபோய்க் காட்டியும் நம்ப ஆளில்லை. இப்போது ஒரு தாளும் இல்லாமல் ஏசி காரே வந்து நிற்கிறது. கனகராஜ் கையில் ஒட்டியிருந்த தோல் தூசியைத் தட்டிவிட்டு, யூனிபார்ம் சட்டையோடே ஏறி உட்கார்ந்தார்.

கார் காட்பாடிப் பக்கம் ஒரு வெள்ளைக் கட்டடத்துக்குப் போனது. ‘வேர்வெளி சமகாலக் கலை மையம்’ என்று பெயர்ப்பலகை. கம்பெனி முதலாளி ஜியாவுதீன் சாயபுவின் மகள் ஜோயா வெளிநாட்டில் ஓவியம் படித்துவிட்டு வந்தவள். அவளுடைய கண்காட்சி அடுத்த வாரம் அங்கே நடக்க இருந்தது. மலைவாழ் மக்களின் பிரபஞ்சப் பார்வையை வைத்து அவள் செய்த அரூபப் படைப்புகள் என்று அழைப்பிதழ் சொன்னது. சுவரில் ஆளுயரப் பலகைகள் மாட்டியிருந்தன. பலகைகளில் தோல் துண்டுகள், செம்மண், சாமை உமி, செம்புக் கம்பி. கனகராஜ் கிட்டே போய்ப் பார்த்தார். மூன்றாவது பலகையில் இருந்த தோல் துண்டு அவர் வெட்டிப்போட்ட கழிவு. குதிகாலுக்கு வெட்டிய மிச்சம் என்று வளைவைப் பார்த்ததுமே தெரிந்தது.

“தொடாதீங்க!” என்று ஒரு குரல் கேட்டது.

மையத்தின் இயக்குநர் புகழேந்தி வந்தார். வெள்ளை ஜிப்பா, வட்டக் கண்ணாடி. பேசும்போது விரல்களால் காற்றில் எதையோ பிசைந்துகொண்டே இருப்பார். கண்காட்சிக்கு வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று உதவி செய்கிறது. எந்த மக்களின் பிரபஞ்சப் பார்வையோ, அந்த மக்களின் அறிவாளர் ஒருவராவது பங்கேற்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. மலைக்குப் போய் ஆள் தேடப் புகழேந்தி ஒருமுறை புறப்பட்டிருக்கிறார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வாந்தி வந்து திரும்பிவிட்டார்.

“ஐயா, உங்க மரபுல உலகம் எப்படித் தோன்றுச்சு?” என்று கேட்டுவிட்டு ரெக்கார்டரை நீட்டினார்.

“தெரியாது சார்.”

புகழேந்தி கண்களை மூடினார். “தெரியாமை,” என்றார் மெதுவாக. பக்கத்தில் இருந்த பெண் அதைக் குறித்துக்கொண்டாள்.

“சரி, உங்க ஊருக்குப் போறது எப்படி? அந்தப் பயணத்தைச் சொல்லுங்க.”

இது தெரிந்த கேள்வி. கனகராஜ் உற்சாகமானார். “ஒடுகத்தூர்ல இருந்து ஆறு நாப்பதுக்கு ஒரு பஸ்ஸு சார். அத வுட்டா பதினோரு மணிக்குத்தான். அதுவும் புளியமரத்து வளைவு வரைக்கும்தான் போவும். அதுக்கு மேல நடைதான். மழை பெஞ்சா அதுவும் பேஜாரு.”

மூன்று நாள் கழித்துக் கனகராஜை மறுபடி அழைத்துவந்தபோது அந்த வார்த்தைகள் சுவரில் ஏறியிருந்தன. ‘காலம் இரு வாயில்களாகத் திறக்கிறது. விருட்சத்தின் வளைவுக்கு அப்பால் வாகனமில்லை, உடல் மட்டுமே. மழையே இறுதித் தடை.’ கீழே ‘பிரபஞ்ச அறிவாளர் கனகராஜ்’ என்று போட்டிருந்தார்கள்.

ஜோயா அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அண்ணா, இது பஸ் டைம்தானே?”

“ஆமா மேடம். ஆனா ஞாயித்துக்கெழமை பஸ் இல்ல. அத எழுதாம வுட்டுட்டாங்க.”

“நான் இதெல்லாம் கேக்கவே இல்ல அண்ணா. மலையில ஒரு வாரம் தங்கியிருந்தேன். அந்தச் செவப்பு மண்ணும், அப்பா டேனரியில பதம் பண்ணிப் போட்டிருக்குற நீலத் தோலும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எனக்கு என்னமோ செஞ்சுது. அவ்ளோதான். பிரபஞ்சம்னு பேர் வெச்சது புகழேந்தி சார்.”

கனகராஜ் அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே செம்மண், மேலே நீலம், நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு செம்புக் கோடு.

“இதப் பாத்தா எங்கம்மா சொன்ன கத ஒண்ணு ஞாபகம் வருது மேடம். முன்ன வானம் ரொம்பத் தாழ இருந்துச்சாம். கூரைக்கு மேலயே. ஒருத்தி சாமை குத்தினாளாம். ஒவ்வொரு வாட்டியும் ஒலக்கை போய் வானத்த இடிக்குமாம். ‘கொஞ்சம் தள்ளிக்கயேன்’னு அவ சொல்லி சொல்லிப் பாத்தா. வானம் கேக்கல. கடுப்புல ஓங்கி ஒரே குத்து. வானம் கோவிச்சுக்கினு மேல போய்ட்டுது. இன்னும் எறங்கல.”

ஜோயா சிரிக்கவில்லை. தான் ஒட்டிய செம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதத்தான் சுவத்துல எழுதணும்,” என்றாள்.

புகழேந்தி ஒத்துக்கொள்ளவில்லை. “இது கொஞ்சம் வேடிக்கையா இருக்கே? பிரபஞ்சவியல்ல வேடிக்கை வராதும்மா. பஸ் இருக்கட்டும். அதுல ஒரு துயரம் இருக்கு.”

கனகராஜ் தயங்கித் தயங்கித் தன் காரியத்தைக் கேட்டார். தான் மலையாளிப் பழங்குடி என்று மையத்தின் பெயரில் ஒரு கடிதம் கிடைக்குமா? புகழேந்தி உடனே சம்மதித்தார். தங்க முத்திரை பதித்த கெட்டிக் காகிதத்தில் ஒரு சான்று தயாரானது. பூங்காவனம் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தாள்.

சதீஷ்குமார் அதை இரண்டு முறை படித்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். “பேப்பர் நல்லா இருக்கு. ஆனா இதுல பிரபஞ்ச அறிவாளர்னு போட்டிருக்கே. அந்த ஜாதி நம்ம லிஸ்ட்ல இல்லையே.”

“ஜாதி இல்ல சார் அது.”

“ஜாதி இல்லன்னா ஜாதி சர்டிபிகேட்டுக்கு ஏன் வெக்கறீங்க?” என்று கேட்டுவிட்டு பக்க எண் போட்டிருந்த நான்காவது மனுவோடு சேர்த்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

கலந்தாய்வுக்குச் சான்றிதழைப் பதிவேற்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள். கண்காட்சித் திறப்பு அதே வாரம் திங்கள்கிழமை. திறந்து வைப்பவர் யார் என்று அழைப்பிதழைப் பிரித்துப் பார்த்த கனகராஜ் எழுந்தே நின்றுவிட்டார். அவர் மனுவை மூன்று முறை திருப்பி அனுப்பிய அதே கோட்டாட்சியர்.

“ஃபைலக் கையோட எடுத்துக்கினு போ,” என்றாள் பூங்காவனம். “வுடாத.”

திங்கள்கிழமை மாலை மையத்தின் பின்னறையில் கனகராஜுக்காக ஒரு மூட்டை காத்திருந்தது. வேலூர் லாங் பஜாரில் நாடக டிரெஸ் வாடகைக்கு விடும் கடையிலிருந்து புகழேந்தி வரவழைத்தது. உள்ளே புலித்தோல் மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் துணி ஒன்று, மயிலிறகுக் கிரீடம் ஒன்று.

“இன்னா சார் இது?”

“உங்க பாரம்பரிய உடை.”

“எங்கப்பா லுங்கிதான் சார் கட்டினாரு. குடியாத்தம் லுங்கி.”

“அறக்கட்டளைக்காரங்க வீடியோல பாப்பாங்க. நீங்க பேன்ட் சட்டையில நின்னா அவங்களுக்கு ஒரு குழப்பம் வரும்.”

“என் பொண்ணும் பாக்கும் சார்,” என்றார் கனகராஜ். “நான் இந்தச் சட்டையில வேணும்னா நிக்கறேன். இல்லன்னா செகண்ட் ஷிப்டுக்குப் போய்ட்றேன்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கதவுப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டார். ஜோயா குறுக்கே வந்து, “அண்ணா அவரோட சட்டையிலதான் இருப்பாரு,” என்று முடித்துவைத்தாள். புகழேந்தி சற்று யோசித்து, ‘சமகாலப் பழங்குடி’ என்று ஒரு அட்டை எழுதிக் கனகராஜின் பக்கத்தில் வைத்தார். டிரெஸ் வாடகை வீணாகக் கூடாது என்பதால், புலித்துணியையும் கிரீடத்தையும் ‘பூர்வகுடி மரியாதை’ என்று சொல்லிச் சிறப்பு விருந்தினருக்குச் சூட்டிவிட்டார்கள்.

கோட்டாட்சியருக்கு அது பிடித்துவிட்டது. மயிலிறகு ஆட ஆட மைக்கைப் பிடித்தார்.

“இந்த மண்ணின் ஆதி மக்களை நான் நன்கறிவேன். அவர்களுடைய கோப்புகள் பல என் மேஜையில் இருக்கின்றன. பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஆதியானவை என்பதால் நான் அவற்றை அவசரப்பட்டு அசைப்பதில்லை.”

கைத்தட்டல்.

“இதோ நிற்கிறாரே இந்த ஐயா, இவரைப் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடலாம், இவர் மலையின் மைந்தர் என்று. இதற்கு ஆவணம் எதற்கு? சான்று எதற்கு? அந்தக் கண்களைப் பாருங்கள். நிர்வாகிக்கு வேண்டியது பார்வை. என் பார்வையில் இதுவரை ஒரு பழங்குடியும் தப்பியதில்லை.”

பெரிய கைத்தட்டல். முன்வரிசையில் ஸ்வேதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து அறிவாளர் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று மைக்கை நீட்டினார்கள். கனகராஜ் மைக்கை வாங்கினார். இருபத்திரண்டு வருடமாக மெஷின் சத்தத்தில் வேலை பார்ப்பவர், நூறு பேர் வாய் மூடி உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்றதில்லை. சட்டைக்குள்ளிருந்து ஃபைலை எடுத்தார்.

“ஐயா, நீங்க சொன்னது ரொம்ப சந்தோசம். அதையே இதுல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா போதும். மூணு வருசமா உங்க ஆபீஸ்ல நான் பழங்குடி இல்லன்னுதான் சொல்றாங்க. பொண்ணுக்கு வெள்ளிக்கெழம கடைசி நாளு.”

பின்வரிசையில் யாரோ, “ஆஹா! பார்வையாளர் பங்கேற்பு!” என்று கூவினார்கள். எல்லோரும் எழுந்து கைத்தட்டினார்கள். வீடியோ எடுப்பவர் கிட்டே வந்தார். கேமரா பக்கத்தில் வந்த பிறகு கோட்டாட்சியருக்கு வேறு வழி இருக்கவில்லை. கிரீடம் கண்ணை மறைக்க, மனுவின் மேல், ‘நேரில் கண்டேன். மனுதாரர் மலையாளிப் பழங்குடி. சான்று வழங்குக’ என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

கனகராஜ் கையை நீட்டினார். அதற்குள் புகழேந்தி அந்தத் தாளை எடுத்துவிட்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

“இதுதான்! கண்காட்சியோட உச்சம் இதுதான்!”

அரை மணி நேரத்தில் தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்ச் சுவரில் ஏறியது. ‘அங்கீகாரம். கலவை ஊடகம். தாள், மை, அதிகாரம்.’ பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை.

மறுநாள் காலை கனகராஜ் மையத்துக்குப் போய் நின்றார். “சார், அது என் பொண்ணு மனு சார்.”

“இருந்தது,” என்றார் புகழேந்தி கனிவாக. “இப்போ அது படைப்பு. இன்சூரன்ஸ்கூட பண்ணியாச்சு. கண்காட்சி மாசக் கடைசி வரைக்கும் இருக்கு.”

“வெள்ளிக்கெழம கடைசி நாளு சார்.”

“புரியுது. பூர்வகுடிகளோட பொருளைத் திருப்பிக் குடுக்கறதுல எங்களுக்கு ரொம்ப முற்போக்கான கொள்கை உண்டு. கேட்டாலே குடுத்துடுவோம். இந்தப் படிவத்தப் பூர்த்தி பண்ணுங்க.”

கனகராஜ் படிவத்தை வாங்கிப் படித்தார். ஏழாவது வரியில், ‘கோருபவர் பூர்வகுடி என்பதற்கான அரசுச் சான்றிதழை இணைக்கவும்’ என்று இருந்தது.

“சார், இந்த சர்டிபிகேட்ட வாங்கறதுக்குத்தான் அந்தப் பேப்பரே வேணும்.”

“அதை வாங்கிட்டு வந்துடுங்க, பேப்பரை உடனே குடுத்துடறோம்,” என்றார் புகழேந்தி.

ஜோயா அப்போது சென்னையில் இருந்தாள். போனில் கத்தினாள், கெஞ்சினாள். ஒப்பந்தப்படி அரங்கில் இருக்கும் எதுவும் கலைஞருக்குக்கூடச் சொந்தமில்லை என்று புகழேந்தி அவளுக்கு எடுத்துச் சொன்னார். அன்று சாயங்காலம் ஸ்வேதா, “பரவால்லப்பா, பி.ஏ. படிச்சிக்கறேன்,” என்றாள். முகத்தைக் காட்டாமல் சொன்னாள். கனகராஜுக்கு அந்தப் ‘பரவால்ல’தான் தாங்கவில்லை.

புதன்கிழமை அவர் மையத்துக்குப் போகவில்லை. நேராகச் சதீஷ்குமாரிடம் போனார். இந்த முறை உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

“சார், ஐயா ஆர்டர் போட்டுட்டாரு.”

“கேள்விப்பட்டேன். ஆர்டரக் குடுங்க, இன்னைக்கே ஆன்லைன்ல ஏத்திடலாம்.”

“அவங்க குடுக்கமாட்டேங்கறாங்க சார். அது இனிமே கவர்மென்ட் பேப்பர் இல்லன்னு சொல்றாங்க. கலையாம்.”

சதீஷ்குமாரின் முகம் மாறியது. “யாரு சொன்னது?”

“அந்த இயக்குநருதான் சார். உங்க ஆபீஸ் சீலக்கூட ‘பழமையான வட்டச் சின்னம்’னு எழுதி வெச்சிருக்காரு.”

அந்த வட்டச் சின்னம் கனகராஜ் சொந்தமாகச் சேர்த்தது. மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சதீஷ்குமார் நாற்காலியிலிருந்து எழுந்தார். தபால் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், மைப்பெட்டி மூன்றையும் பையில் போட்டார். கனகராஜைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கைக் காட்பாடிக்கு விரட்டினார்.

புகழேந்தி அவரைப் பார்வையாளர் என்று நினைத்து வரவேற்றார். சதீஷ்குமார் நேராகச் சட்டத்துக்கு முன்னால் போய் நின்றார்.

“இது எங்க கோப்புல ஒம்பதாவது பக்கம்.”

“இது இந்த அரங்கத்துல பதினாலாவது படைப்பு.”

“நம்பர் நாங்கதான் மொதல்ல போட்டோம்.”

“நீங்க வெறும் தாளைப் பாக்கறீங்க. நான் அதிகாரத்துக்கும் ஆதிமனுசனுக்கும் நடுவுல இருக்கற வெளியப் பாக்கறேன்.”

“அந்த வெளிய நீங்களே வெச்சிக்குங்க. தாளக் குடுங்க.”

“கலையைச் சுவத்துலேர்ந்து எடுக்க முடியாது.”

சதீஷ்குமார் நிதானமாகப் பையைத் திறந்தார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை இன்னும் கூடிவிடும். “அப்படிங்களா? சரிங்க. இது கலைன்னு எழுதிக் குடுத்துடுங்க. அப்போ இதச் செஞ்சவரு எங்க ஐயா. அரசு ஊழியர் கலைப்படைப்பு வெளியிடணும்னா முன்அனுமதி வாங்கணும். ஐயா வாங்கல. நான் அத மேல எழுதிப் போடுவேன். ஐயாவுக்கு மெமோ வரும். வந்த ஒடனே, இந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருக்கான்னு ஐயா ஒருவாட்டி பாப்பாரு. எழுதறீங்களா?”

புகழேந்தியின் விரல்கள் காற்றில் பிசைவதை நிறுத்தின.

ஐந்து நிமிடத்தில் சட்டம் கீழே இறங்கியது. ‘தாள் ஒன்று, உபயோகித்தது’ என்று சதீஷ்குமார் தபால் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது, கனகராஜிடம் முதல்முறையாகக் கொஞ்சம் கூச்சத்தோடு பேசினார்.

“நான் ஒருதரம் கேரளான்னு கேட்டேன் இல்ல? தப்பா நெனச்சுக்காதீங்க.”

“வுடுங்க சார். இன்னைக்கு ஏத்திடுவீங்க இல்ல?”

ஏற்றிவிட்டார். சர்வர் ஒருமுறை படுத்து எழுந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பூங்காவனத்தின் போனுக்கு மெசேஜ் வந்தது. ஸ்வேதா அதைக் கணினி மையத்தில் அச்செடுத்தாள். சூடாக வந்த தாளை வாங்கி, இனம் என்ற இடத்தில் இருந்ததை உரக்க ஒருமுறை, உள்ளுக்குள் ஒருமுறை படித்தாள். வெள்ளிக்கிழமை பதிவேற்றினாள். இரண்டு வாரத்தில் அரசு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கூப்பிட்டுச் சொல்லக் கனகராஜுக்கு மலையில் பதினோரு வீடு இருந்தது. ஆறு நாப்பது பஸ்ஸில் போய், ஒவ்வொரு வீடாக ஏறிச் சொல்லிவிட்டு வந்தார்.

மாதம் முடிந்து கண்காட்சியும் முடிந்தது. ஒருநாள் ஷோயப் பாய் கட்டிங் செக்‌ஷனுக்கு ஒரு கவரோடு வந்தார்.

“கனகு, உன் தோஸ்த் புகழேந்தி லெட்டர் போட்டிருக்கார். அடுத்த கண்காட்சி தோல் தொழிலாளர்களோட பிரபஞ்சமாம். உண்மையான தோல் தொழிலாளி ஒருத்தர் வேணுமாம். நீ தோல் வெட்டறவன்தான்னு ரெண்டு சாட்சி, ஒரு சான்றிதழோட ஒன்ன வரச் சொல்றாரு. இன்னா சொல்லட்டும்?”

கனகராஜ் தோலை விரித்து, மடிப்பு நீவி, இரும்பு அச்சை அதன்மேல் வைத்தார். மெஷின் கையை இறக்கினார். டமால் என்றது. வெட்டிய துண்டை எடுத்து அடுக்கினார்.

“சாமி மலையேறிட்சின்னு சொல்லிடுங்க பாய்.”